மந்தம் கேட்ட கேள்விகள்

அவள் கதவைத் தட்டியபோது அவள் எழுதியதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது எனக்கு எழுதியதில்லை. கம்ப்யூட்டர் திரையைச் சட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு "வாம்மா" என்றேன். என் குரலில் இருந்த கனிவு எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. பரீட்சைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் கடையின் அட்டை தொங்கியது, கையில் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி இருந்தது. அதை வைத்துவிட்டு வர மறந்திருக்க வேண்டும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நம்ம வகுப்புப் பக்கத்துல மந்தம்னு ஒருத்தி எழுதுவால்ல? அவ படிப்ப நிறுத்தப் போறாளாம். காலைல எனக்கு எழுதியிருக்கா. அவ நிஜப் பேரு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே. நீங்க ஒரு வார்த்தை பேசுனா கேப்பா."

மந்தம் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். மந்தம் நான்தான்.

இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இந்தப் பருவம் தொடங்கியபோது ஒவ்வொரு பாடத்துக்கும் இணையத்தில் ஒரு பக்கம் வைத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது. வீடியோ பாடம், சின்னச் சின்னத் தேர்வுகள், மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கலந்துரையாடல் பகுதி. இரண்டு நாள் பயிற்சியும் தந்தார்கள். மாணவர்களைக் கேட்க வைப்பதே கற்பித்தல் என்று பயிற்சி கொடுத்தவர் பத்து முறையாவது சொன்னார். சொன்னதோடு போகவில்லை. யார் பக்கத்தில் எத்தனை பதிவு என்று மாதக் கடைசியில் துறைத் தலைவர் கூட்டத்தில் வாசிப்பார். முதல் மாதம் என் பக்கத்தில் பதினொரு பதிவு. பதினொன்றும் நான் போட்டவை. நானே கேள்வி கேட்டு, யாரும் வராததால் நானே பதில் சொல்லி, அதன் கீழ் "வேறு சந்தேகங்கள் உண்டா?" என்றும் நானே கேட்டிருந்தேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது.

கூச்சப்படாமல் கேட்கட்டும் என்று புனைபெயரில் எழுத அனுமதித்திருந்தேன். பெயருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தூக்கம், ஜன்னலோரம், பாதி புரிஞ்சது, மூணாந்தடவை என்று பெயர்களாக வந்து குவிந்தன. பேச்சுத்தான் வரவில்லை. எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த முகம் என்பது ஆசிரியரான எனக்கு மட்டும் தெரியும்.

கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர்தான் எனக்கு ஒரு மாணவர் கணக்கைத் திறந்து கொடுத்தார். "பசங்க கண்ணுக்கு நம்ம பக்கம் எப்படித் தெரியுதுன்னு உள்ள போய்ப் பாருங்க மேடம். எல்லாருக்கும் குடுக்குறதுதான்." உள்ளே போனதும் புனைபெயர் கேட்டது. மந்தம் என்று தட்டினேன். அன்று என் மனநிலைக்கு அதுதான் வந்தது. அப்படியே ஒரு குறும்பில், இரண்டாவது பாடத்தின் கீழே ஒரு வரி எழுதினேன்: "எனக்கு மட்டும்தான் இது புரியலையா?"

ஒரு மணி நேரத்தில் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். "எனக்கும்." "அப்பாடா, நான் மட்டும்னு நெனச்சேன்." பாதி புரிஞ்சது தனக்குப் புரியாத பாதியைப் பட்டியல் போட்டான். இருபத்திரண்டு வருடமாக வகுப்பு முடிவில் "டவுட் இருக்கா?" என்று கேட்டு, பதிலுக்கு நாற்காலிச் சத்தத்தை மட்டுமே கேட்டுவந்தவள் நான். அன்று திரையின் முன் உட்கார்ந்து, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி பூரித்துப்போனேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

அவர்களில் மூணாந்தடவைதான் மந்தத்தைத் தனியே பிடித்துக்கொண்டாள். பெயரிலேயே அவள் கதை இருந்தது. எங்கள் கல்லூரியில் ஒரு தாளை மூன்று முறைதான் எழுதலாம். இந்தத் தாளில் இரண்டு முறை தவறியிருந்தாள். மற்ற எல்லாம் தேறியாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி. இதுவும் போனால் பட்டம் கிடையாது, நான்கு வருடம் வேலைக்கு நடுவே ஓடியோடிப் படித்தது அவ்வளவும் வீண். முப்பது வயதுக்கு மேலிருக்கும். வகுப்பில் மூன்றாம் வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்து, சொல்வதை எல்லாம் எழுதிக்கொண்டு, வாய் திறக்காமல் போவாள். அந்த வாய் திறக்காதவள் மந்தத்துக்குத் தனிச்செய்தியில் பக்கம் பக்கமாக எழுதினாள். "நீ பொண்ணா பையனா?" என்றுதான் முதலில் கேட்டாள். பொண்ணு என்றேன். நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்குப் பாடம் படியும் என்று பயிற்சியில் சொன்னார்கள். சரி, இவளைச் சொல்லிக்கொடுக்க வைப்போம் என்று மந்தம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். அவள் மதிய இடைவேளையில் லென்ஸ் வரும் சின்னக் காகித உறைகளின் பின்பக்கம் படம் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவாள். நிபந்தனை நிகழ்தகவு என்றால் என்ன என்று மந்தம் மூன்று நாள் முரண்டு பிடித்தாள். நான்காம் நாள் மூணாந்தடவை இப்படி எழுதியிருந்தாள்:

"அடி மந்தம், கடைக்குப் பத்து பேர் வர்றாங்க. அதுல நாலு பேருக்குக் கிட்டப்பார்வை. அந்த நாலு பேரையும் எழுப்பித் தனியா ஒரு பெஞ்சுல உக்கார வை. இப்ப கடைய மறந்துடு. மிச்சம் ஆறு பேரையும் மறந்துடு. பெஞ்சுல இருக்குற நாலு பேர்ல எத்தன பேரு கறுப்பு ஃபிரேம் கேக்குறாங்கன்னு மட்டும் எண்ணு. அவ்ளோதான். எல்லாரும் கடையையே எண்ணிக்கிட்டு இருக்குறதாலதான் தப்பாகுது."

இதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் இப்படி ஒரு முறை சொன்னதில்லை. மறுநாள் வகுப்பில் அதையே சொன்னேன். பெஞ்சு, நான்கு பேர், கறுப்பு ஃபிரேம் எல்லாவற்றையும் என் சரக்குப் போலவே சொன்னேன். வகுப்பு பளிச்சென்று புரிந்துகொண்டது. மூன்றாம் வரிசையில் அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். அன்று மதியம் மந்தத்துக்குச் செய்தி வந்தது: "பாத்தியா, மேடமும் நான் சொன்ன மாதிரியே சொன்னாங்க. எனக்குத் தெரியுமோ என்னமோன்னு பயந்துகிட்டே இருந்தேன்டி. தெரியுது."

அவள் மதிப்பெண் ஏறியது. பத்துக்கு மூன்று வாங்கியவள் ஆறு வாங்கினாள், ஏழு வாங்கினாள். ஒவ்வொரு சின்னத் தேர்வு முடிந்ததும் "உனக்கு எத்தன?" என்பாள். அவளுடையதைப் பார்த்துவிட்டு அதைவிட இரண்டு குறைத்துச் சொல்வேன். "இவ்ளோ நாளா நான்தான் கடைசின்னு நெனச்சிருந்தேன். எனக்குப் பின்னாடியும் ஒருத்தி மூச்சு வாங்கிக்கிட்டு வர்றான்னு தெரிஞ்சப்புறம்தான் நடக்கவே தெம்பு வந்துச்சு" என்று ஒரு நாள் எழுதினாள்.

என்னைப் பற்றியும் எழுதினாள். "மேடம் கெட்டவங்க இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கேள்விக்கு எழுந்து பதில் சொன்னேன். தப்பு. 'இதுக்கு ஒரு காசச் சுண்டிப் பாத்துச் சொல்லியிருக்கலாமே'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் நான் எழுந்துக்கல. அவ்ளோதான்." அந்தச் சம்பவம் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தக் கிண்டல் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவரிடம் அதைச் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் வகுப்பு சிரிக்கிறது. வகுப்பைக் கலகலப்பாக வைத்திருப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் யார் செலவில் வந்தது என்று அன்றுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. மந்தம் என்ன பதில் எழுதினாள் தெரியுமா? "விடு, அவங்களுக்கு ஞாபகமே இருக்காது." அதையும் நான்தான் எழுதினேன்.

இதற்குள் என் பக்கத்தில் பதிவுகள் நானூறைத் தாண்டியிருந்தன. துறைத் தலைவர் மற்ற துறை ஆசிரியர்களையும் உட்காரவைத்து, மௌனமான வகுப்பைப் பேசவைப்பது எப்படி என்று என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். பெஞ்சு உதாரணத்தையும் அவிழ்த்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த வேதியியல்காரி மட்டும் கை தூக்கி, "அந்த முதல் கேள்விய எப்படி மேடம் வரவச்சீங்க? எனக்கு அதுதான் வரமாட்டேங்குது" என்றாள். பாவம், நிஜமாகவே குறிப்பெடுக்கப் பேனாவோடு இருந்தாள். "பொறுமையா காத்திருக்கணும்" என்றேன். கைதட்டினார்கள். வேதியியல்காரி அதை எழுதிக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் எழுதிக்கொண்டதுதான் உறுத்திக்கொண்டே வந்தது. அவள் வகுப்பில் அவள் எத்தனை நாள் காத்திருக்கப் போகிறாளோ.

பரீட்சை நெருங்கியதும் மூணாந்தடவை நேரில் பார்க்கலாம் என்று ஆரம்பித்தாள். நூலகத்துக்கு வா, சனிக்கிழமை வா, அரை மணி நேரம் போதும். மந்தத்துக்கு ஒரு வாரம் காய்ச்சல், மறு வாரம் வீட்டில் விருந்தாளிகள். பொய் ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று தேவைப்பட்டுக்கொண்டே போனது. அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் வந்து, "பருவம் முடியுதே மேடம், அந்த மாணவர் கணக்க நீக்கிடட்டுமா? பேரு இருந்த எடத்துல எல்லாம் 'நீக்கப்பட்டவர்'னு வந்துடும், வேற ஒண்ணும் ஆகாது" என்றார். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். சொல்லாமல் கொள்ளாமல் மறைவதைவிடச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை என்று பட்டது. எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள். "எனக்குப் படிப்பு வராது, நிறுத்திக்கிறேன். நீ நல்லா எழுது" என்று காலையில் மந்தம் எழுதினாள். அதற்கு அவளிடமிருந்து ஒன்பது செய்திகள் வந்திருந்தன. ஒன்பதாவதைப் படிக்கும்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"நான் சொல்லிக்குடுத்த விதம் சரியில்லையோ என்னமோ மேடம்" என்றாள் அவள், துணியை விரலில் சுற்றிக்கொண்டே. "கொஞ்சம் வேகமா போயிட்டேன் போல. அடி மந்தம் அடி மந்தம்னு வேற எழுதுவேன். விளையாட்டுக்குத்தான். அது மனசுல பட்டுடுச்சோ."

சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று சொன்னது. ஐந்து நாளில் பரீட்சை, இப்போது சொன்னால் இவள் உடைந்துபோவாள் என்று இன்னொன்று சொன்னது. அந்த இரண்டாவது குரல் அக்கறையோடுதான் பேசியது. ஆனால் அது என்னையும் சேர்த்துக் காப்பாற்றியது, அதனால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. இருந்தும் அதைத்தான் கேட்டேன்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் பேசுறேன். நீ போய்ப் படி."

"கண்டிப்பா பேசுவீங்களா?"

"பேசுறேன்."

அவள் போன கையோடு மந்தம் எழுதினாள்: "மேடம் கூப்பிட்டுப் பேசுனாங்க. பரீட்சை எழுதுறேன்." உடனே பதில் வந்தது. "தெரியும்டி. ஆனா நீ பாதியிலேயே எழுந்து ஓடிடுவ. அதுவும் தெரியும். நான் வாசல்ல நிப்பேன், என்னைப் பாக்காம போகக் கூடாது."

பரீட்சை அன்று அந்தக் கூடத்துக்கு மேற்பார்வையாளர் நான்தான். வினாத்தாளைக் கொடுக்கும்போது ஒருமுறை முழுசும் பார்த்தேன். நான் தயாரித்ததில்லை, வெளியிலிருந்து வந்தது. கடைசிக் கேள்வி பதினைந்து மதிப்பெண், நிபந்தனை நிகழ்தகவு. அவளுக்கென்றே வைத்த மாதிரி இருந்தது. கண்டம் தாண்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் தலை தூக்காமல் எழுதினாள். தலை தூக்காமல் என்றும் சொல்ல முடியாது, ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் ஒரு நொடி நிமிர்ந்து சுற்றி இருக்கும் பெண்களின் முகங்களைப் பார்த்தாள், பிறகு குனிந்து எழுதினாள். இவர்களில் யார் என்று தேடுகிறாள் என்பது எனக்குப் புரிய, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பின் வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். முகம் நனைந்திருந்தது. தாளை என் மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள். மூணாந்தடவை நிமிர்ந்து பார்த்தாள். வாசலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தன் தாளைப் பார்த்தாள். பிறகு எழுந்துவிட்டாள்.

மேசைக்கு வந்தவளிடம் மெதுவாக, "இன்னும் அரை மணி நேரம் இருக்கும்மா. உக்காந்து எழுது" என்றேன்.

"போதும் மேடம். முக்காவாசி எழுதிட்டேன்."

"கடைசிக் கேள்வி?"

"அது எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றாள், அது தெரிந்திருந்தால் போதும் என்பது போல. கண் வாசலிலேயே இருந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அது மந்தம் இல்லை என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பாள். கூடத்தில் அறுபது பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள், பேசக் கூடாது என்று நான்தான் தொடக்கத்தில் அறிவித்திருந்தேன். இது ஒரு காரணம் என்று இன்றைக்கு எழுதும்போதே கை கூசுகிறது. அவள் தாளைப் புரட்டினேன். கடைசிக் கேள்விக்கு எண் மட்டும் போட்டு, அடிக்கோடு இட்டு, ஒரு நீளக் கோடு இழுத்திருந்தாள். பெஞ்சு. அதன் மேல் ஒருவர்கூட உட்காரவில்லை.

மணி அடித்து, எல்லோருடைய தாளையும் வாங்கி, எண்ணிக் கட்டி, அரக்கு முத்திரை வைத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது கிட்டத்தட்ட எல்லோரும் போயிருந்தார்கள். அவள் மட்டும் படிக்கட்டின் பக்கத்தில் நின்றாள். இரண்டு கையிலும் காகிதக் கோப்பையில் டீ.

"உள்ள இன்னும் யாராவது இருக்காங்களா மேடம்?"

"யாரும் இல்ல."

"அந்த அழுத பொண்ணு இல்லையாம். ஓடிப் போய்க் கேட்டேன், முழிச்சா. அப்புறம் வந்தவங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துட்டேன். ஒருத்தியும் நிக்கல." சிரிக்கப் பார்த்தாள். "வரவே இல்ல போல. அவ வீட்டு விலாசம் குடுங்க மேடம். கடைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கேன், நேரா போய்ப் பாத்துட்டு வந்துடுறேன். திட்டமாட்டேன்."

விடைத்தாள் கட்டு கையில் கனத்தது. "அப்படி ஒரு பொண்ணு இல்லம்மா" என்றேன். "அது நான். ஆரம்பத்துல இருந்தே நான்தான்."

அவள் என் தோளுக்கு அப்பால் கூடத்தின் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், எழுத்து தெரிகிறதா என்று கேட்டுவிட்டுக் கடைக்கு வருபவர்களைப் பார்ப்பது போன்ற ஒரு பார்வை. அவள் உதடு லேசாக அசைந்தது. எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று தோன்றியது.

"காசு சுண்டுறது சொன்னேனே."

"ஆமா."

"அந்த பெஞ்சுக் கணக்கு. புரிஞ்சிடுச்சு புரிஞ்சிடுச்சுன்னு மூணு தடவ எழுதுனீங்க."

"அது நெஜம். கணக்கு எனக்குத் தெரியும், ஆனா அப்படிச் சொல்லத் தெரியாது. உங்கிட்ட கத்துக்கிட்டதுதான். உன் பேரச் சொல்லாம வகுப்புல சொன்னது என் தப்பு. எல்லாமே என் தப்பு. மன்னிச்சிடும்மா." அத்தனையும் உண்மை. வாயிலிருந்து வரும்போது ஒன்றுகூட உண்மை மாதிரி ஒலிக்கவில்லை.

"இப்பவும் அவ பேசுற மாதிரியே இருக்கு மேடம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டு கோப்பையையும் படியில் வைத்துவிட்டு அவளும் அங்கேயே உட்கார்ந்தாள். நாலாக மடித்த வினாத்தாளைப் பையிலிருந்து எடுத்து, முழங்காலில் வைத்துப் பின்பக்கம் திருப்பினாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

விடைத்தாள் கட்டை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் கதவைப் பாதி சாத்திவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் நகரவில்லை. அவள் ஒரு நீளக் கோடு இழுத்தாள். அதன் மேல் சின்னச் சின்ன வட்டமாக ஒவ்வொரு தலையாக உட்கார வைத்தாள். சிலவற்றைக் கறுப்பாக நிரப்பினாள். பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணி, கீழே விடையை எழுதி, இரண்டு கோடு போட்டாள். நான் நின்ற இடத்திலிருந்து அது தலைகீழாகத் தெரிந்தது. சரியான விடை.